ராணி பாக்: மரங்களையும் சிலைகளையும் பார்க்க ஒரு நாள்

அம்பர்நாத், பத்லாபூர், உல்லாஸ்நகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து விருந்தாளி வந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ராணி பாக் போய்வருவது வழக்கம். பென்குயின் வரிசையில் நின்று, புலிக்கூண்டின் கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் இடிபட்டு, குழந்தைகள் அழ ஆரம்பித்ததும் ரயில் ஏறிவிடுகிறோம். பைகுல்லாவில் இருக்கும் இந்த இடம் 1862-ல் தாவரத் தோட்டமாகத்தான் திறக்கப்பட்டது. மிருகங்கள் அதற்குப் பிறகு வந்தவை. மும்பை நகரத்துக்குள் இவ்வளவு விதவிதமான பழைய மரங்கள் ஒன்றாக நிற்கும் இடம் வேறு கிடையாது. நகரத்தின் நாற்சந்திகளிலிருந்து அகற்றப்பட்ட சிலைகளும் இங்கேதான் இருக்கின்றன. இந்த அத்தியாயம் அந்த இரண்டுக்கும் மட்டும். மிருகங்களுக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள். இரண்டையும் சேர்த்தால் இரண்டும் கெடும்.

இப்போதைய பெயர் வீரமாதா ஜிஜாபாய் போசலே உத்யான். ஆட்டோக்காரரிடமும் டாக்ஸிக்காரரிடமும் ராணி பாக் என்றாலே போதும். புதன்கிழமை தோட்டத்துக்கும் பக்கத்து மியூசியத்துக்கும் விடுமுறை. புதன்கிழமையில் அரசு விடுமுறை வந்தால் அன்று திறந்துவைத்து மறுநாள் மூடுவது வழக்கம். காலை ஒன்பதரை வாக்கில் டிக்கெட் கொடுக்கத் தொடங்குவார்கள். மாலை ஐந்துக்குள் கவுன்டரை மூடிவிடுவார்கள். நேரமும் கட்டணமும் மாநகராட்சி தீர்மானிப்பவை, அவ்வப்போது மாறும். கிளம்புவதற்கு முதல் நாளே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதல் ஒரு மணி நேரம் அம்பர்நாத்திலேயே

தோட்டத்துக்குப் போகும் நாளன்று காலையில் அம்பர்நாத் சிவன் கோயிலுக்குப் போங்கள். உள்ளூர்க்காரர்கள் திங்கட்கிழமையும் சிவராத்திரியும் போய்க் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவதால், வெளிச்சுவரை நின்று பார்த்தவர்கள் குறைவு. வால்துனி ஆற்றங்கரையில் இருக்கும் இந்தக் கோயிலின் கல்வெட்டில் சக ஆண்டு 982, அதாவது கி.பி. 1060 குறிக்கப்பட்டிருக்கிறது. கட்டியவர்கள் வட கொங்கணத்தை ஆண்ட சிலாகார அரசர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்த காலம். நம் ஊர்க் கோயில்களின் வெளிர்நிறக் கருங்கல்லைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கல் முதலில் இருட்டாகத் தெரியும். இது எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பாறை, தக்காணம் முழுக்கப் பரந்து கிடப்பது. வெயில் நேராக விழுந்தால் உருவங்கள் தட்டையாகிவிடும். காலை ஏழரை, எட்டு மணிக்குச் சாய்வெயில் படும்போதுதான் தோளும் இடுப்பும் எழும்பி நிற்கும்.

சுவரை அடியிலிருந்து மேலாகப் பாருங்கள். கீழே யானை வரிசை, அதற்கு மேலே மனித உருவங்கள், இன்னும் மேலே தெய்வங்களும் ஆடும் பெண்களும். சுவர் நேர்க்கோட்டில் போகாமல் மடிந்து மடிந்து போவதால், ஓர் உருவத்தின் நிழல் அடுத்த உருவத்தின் மேல் விழும். ஒரே ஒரு பெண் உருவத்தைத் தேர்ந்தெடுத்து முன்னாலிருந்தும் இரண்டு பக்கத்திலிருந்தும் பாருங்கள். முகம் தேய்ந்துபோயிருந்தாலும் முழங்கால் எந்தப் பக்கம் மடங்குகிறது, உடல் பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்பதெல்லாம் இன்னும் தெளிவாகத் தெரியும். பிறகு உள்ளே போய்ப் படியிறங்கிக் கருவறையில் நின்று அண்ணாந்து பாருங்கள். மேல்தளம் இல்லை, வானம் தெரியும்.

கோயிலைச் சுற்றும்போது கல் இடுக்குகளையும் கவனியுங்கள். காக்கை எச்சத்தில் வந்த அரசங்கன்று ஏதாவது துளிர்விட்டிருக்கும். பிடுங்காமல் விட்டால் அதன் வேர் சில ஆண்டுகளில் கல்லையே நகர்த்திவிடும். தொல்லியல் துறை இதைத் திரும்பத் திரும்ப அகற்றிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. நீங்களாகப் பிடுங்க வேண்டாம். வேர் பாதி அறுந்து உள்ளேயே தங்கினால் இன்னும் பலமாகக் கிளம்பும்.

போகும் வழி

அம்பர்நாத்திலிருந்து சி.எஸ்.எம்.டி. போகும் ஃபாஸ்ட் லோக்கலில் ஏறினால் பைகுல்லாவில் இறங்கலாம். பெரும்பாலான ஃபாஸ்ட் வண்டிகள் அங்கே நிற்கும், ஆனாலும் இண்டிகேட்டரைப் பார்த்து ஏறுங்கள். ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். ஆபீஸ் நேரத்து நெரிசலில் பெரியவர்களை அழைத்துக்கொண்டு ஏறவே வேண்டாம். கோயிலை முடித்துக்கொண்டு ஒன்பதரைக்குப் பிறகு கிளம்பினால் கூட்டம் கொஞ்சம் தணிந்திருக்கும். மாட்டுங்காவிலிருந்து ஸ்லோ வண்டி. தாராவிக்காரர்களுக்கு சயான் அல்லது மாட்டுங்கா எது பக்கமோ அது. செம்பூரிலிருந்து ஹார்பர் வண்டியில் குர்லா வந்து மெயின் லைனுக்கு மாற வேண்டும். பைகுல்லா ஸ்டேஷன் கட்டடமே 1857-ஐச் சேர்ந்தது. அண்மையில் அழகாகப் புதுப்பித்து, அதற்கு 2022-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. இறங்கியதும் ஓடாமல் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கிழக்குப் பக்கம் வெளியே வந்தால் அம்பேத்கர் ரோடு, தோட்டத்துக்கு நடந்தே போகலாம்.

முதலில் சிலைகள்

வெயில் ஏறுவதற்குள் சிலைகளைப் பாருங்கள், பிறகு மரநிழலுக்குப் போகலாம். நுழைவாயிலை ஒட்டி டேவிட் சசூன் பணத்தில் எழும்பிய மணிக்கூண்டும், டாக்டர் பாவு தாஜி லாட் மியூசியமும் இருக்கின்றன. மியூசியம் 1872-ல் திறந்தது. அதற்குத் தனி டிக்கெட். இந்த வளாகத்தின் திறந்தவெளியில்தான் பழைய சிலைகள் பலவும் உள்ளன.

முதலில் யானையிடம் போங்கள். முழுக் கல் யானை. கேட்வேயிலிருந்து படகில் போகிறோமே, அந்தக் காராபுரித் தீவின் கரையில் நின்றது. போர்த்துகீசியர் இதைப் பார்த்துத்தான் தீவுக்கு எலிஃபண்டா என்று பெயர் வைத்தார்கள். 1814-ல் தலையும் கழுத்தும் விழுந்தன. 1864-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது யானை துண்டு துண்டாக உடைந்தது. துண்டுகள் இந்தத் தோட்டத்துக்கு வந்து பல காலம் கிடந்து, 1914-ல் ஒன்றுசேர்த்து நிறுத்தப்பட்டன. உடலெங்கும் அந்த ஒட்டுக்கோடுகளைப் பார்க்கலாம். கல்லைக் கவனியுங்கள். காலையில் அம்பர்நாத் சுவரில் பார்த்த அதே கறுப்புப் பாறை இனம்தான். அங்கே நுணுக்கமாகச் செதுக்கப்பட்ட கல், இங்கே பெரிய, எளிய, உருண்ட வடிவமாக நிற்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதன் லாபம் இதுதான். ஒரே கல்லில் சிற்பி எதைச் செய்கிறான், எதைச் செய்யாமல் விடுகிறான் என்பது கண்ணுக்குப் பிடிபடும். என்னைக் கேட்டால், தோட்டத்தில் வேறு எதையும் பார்க்காவிட்டாலும் இந்த யானைக்காக மட்டும் டிக்கெட் வாங்கலாம்.

அடுத்தது காலா கோடா. ஃபோர்ட் பகுதியில் காலா கோடா என்ற இடத்தைத் தெரியாத மும்பைக்காரர் இல்லை. அந்த இடத்துக்குப் பெயர் கொடுத்த குதிரைச் சிலை இங்கே இருப்பது பலருக்குத் தெரியாது. பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர் 1875-76-ல் இந்தியா வந்து போனதன் நினைவாக, ஆல்பர்ட் சசூன் கொடுத்த வெண்கலச் சிலை இது. வடித்தவர் ஜோசப் எட்கர் போம், திறந்தது 1879. சுதந்திரத்துக்குப் பிறகு ஆங்கிலேயர் சிலைகள் ஊருக்கு நடுவே வேண்டாம் என்ற குரல் வலுத்து, 1965-ல் நகரத்திலிருந்து அகற்றி இங்கே கொண்டுவந்தார்கள். பழைய இடத்தில் 2017 முதல் ஆளில்லாத புதுக் குதிரை ஒன்று நிற்கிறது. காவலரிடம் “அஸ்லி காலா கோடா கிதர் ஹை?” என்று கேட்டால் வழிகாட்டுவார்.

சென்னைத் தீவுத்திடலில் மன்றோ குதிரைமேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு, சேணமும் அங்கவடியும் இல்லாத சிலை என்று அதைப் பற்றி வீட்டுக்கு வீடு பேசுவது ஞாபகம் இருக்கும். இங்கே சிற்பி என்ன செய்திருக்கிறார் என்று கிட்டப்போய்ப் பாருங்கள். கடிவாளம் எங்கே தொங்குகிறது, குதிரையின் கழுத்து நரம்பு எப்படி எழும்பியிருக்கிறது, எந்தக் கால் தரையில், எந்தக் கால் தூக்கலில்? வெண்கலச் சிலையைச் சுற்றி வந்தே ஆக வேண்டும். முன்பக்கத்துக் கம்பீரம் கண்ணை மயக்கும், சிற்பியின் உழைப்பு பின்பக்கத்தில் தெரியும்.

பளிங்குச் சிலைகளைப் பார்க்க மனம் கொஞ்சம் கனக்கும். மாத்யூ நோபிள் செதுக்கிய விக்டோரியா ராணி, பரோடா மன்னர் கண்டேராவ் கெய்க்வாட் பணத்தில் 1872-ல் ஃபோர்ட் பகுதியில் நிறுவப்பட்டார். அப்போது தலைக்கு மேலே நுணுக்க வேலைப்பாடுள்ள விதானம் இருந்தது. இப்போது ராணி மட்டும் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறார். கடல்காற்றின் உப்பும் மும்பை மழையும் பளிங்கை மெல்ல மெல்ல அரிக்கும், பாசி கறுப்பாகப் படியும். ஆனால் ஆடையின் சரிகை மடிப்பை ஓர் அடி தூரத்தில் நின்று பாருங்கள். இந்த நுணுக்கத்தை நம் கறுப்புப் பாறையில் கொண்டுவர முடியாது. கார்ன்வாலிஸ் பிரபுவின் சிலையும் இங்கே இருக்கிறது. ஃபோர்ட்டில் அது நின்ற நாளில் ஜனங்கள் மாலை சாத்திக் கும்பிட்டதாகப் பழைய பதிவுகள் சொல்கின்றன. சென்னைக் கோட்டை மியூசியத்தில் இன்னொரு கார்ன்வாலிஸ் நிற்கிறார். ஊருக்குப் போகும்போது அதையும் பார்த்து ஒப்பிடுங்கள்.

அரசியல் காரணத்துக்காக இந்தச் சிலைகளைப் பார்க்காமல் ஒதுக்குவோர் உண்டு. நாற்சந்தியிலிருந்து அகற்றியது சரியே என்பது என் கருத்து. அகற்றியவற்றை உடைத்துப் போடாமல் ஒரு தோட்டத்தில் வைத்தது அதைவிடச் சரி. மரத்தடியில் வைத்துப் பார்க்கும்போது ஆட்சி மறைந்து, சிற்பியின் கைவேலை முன்னுக்கு வருகிறது.

தொடாதீர்கள். குழந்தைகளை யானைமேல் ஏற்றிப் படம் எடுக்க ஆசை வரும், வேண்டாம். கை வியர்வையும் கல்லைக் கெடுக்கும்.

பிறகு மரங்கள்

பல மரங்களில் பெயர்ப்பலகை உண்டு. இல்லாத மரத்துக்கு இலை, பட்டை, பூ மூன்றையும் படம் எடுத்துக்கொண்டு வீட்டில் தேடிப் பார்க்கலாம். எல்லா மரத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு வருகைக்கு ஐந்தாறு மரம் போதும். என் தேர்வைச் சொல்கிறேன்.

பொந்தன்புளியைத் தவறவிடக் கூடாது. யானைப்புளி என்றும் சொல்வோம், மன்னார்த் தீவில் பெருக்கமரம் என்பார்கள், மராத்தியில் கோரக் சிஞ்ச். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அடிமரம் தண்ணீரைச் சேமித்து வைப்பதால் அவ்வளவு பருமன். கோடையில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும்போதுதான் கிளைகளின் உருவம் முழுதாகத் தெரியும். சிற்பம் பார்க்கும் கண்ணோடு இந்த மரத்தைப் பார்க்க ஏப்ரல், மே மாதம் சிறந்தது. பூ மழை தொடங்கியபின் வரும், இரவில் விரியும். பகலில் போனால் கீழே உதிர்ந்ததைத்தான் பார்க்கலாம்.

கிருஷ்ண ஆல் என்ற மரத்தில் இலையின் அடிப்பகுதி மடிந்து சின்னக் கிண்ணம் போல ஆகியிருக்கும். கிருஷ்ணன் வெண்ணெய் திருடி ஒளித்து வைத்த இலை என்று கதை. கீழே விழுந்த இலை ஒன்றை எடுத்து, அந்த மடிப்புக்குள் விரல்நுனியை விட்டுப் பாருங்கள். சாதாரண ஆலிலையின் அதே தடிப்பும் அதே நரம்புகளும்தான், ஆனால் காம்பு சேரும் இடத்தில் இலை தன்னையே தைத்துக்கொண்டிருக்கும். குழந்தைகள் இதை மறக்கவே மாட்டார்கள்.

ஆம்ஹர்ஸ்டியா என்ற பர்மா மரத்தை மராத்தியில் ஊர்வசி என்கிறார்கள். இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஆம்ஹர்ஸ்டின் மனைவி, மகள் இருவரையும் கௌரவித்து வைத்த பெயர். அந்தப் பேரினத்தில் இது ஒரே மரம், விதை பிடிப்பது மிக அரிது. அதனால் பதியம் போட்டுத்தான் வளர்க்கிறார்கள். இந்தியாவில் சில தோட்டங்களில் மட்டுமே இருப்பதற்கு அதுதான் காரணம். குளிர்காலத்திலும் அதையொட்டியும் செங்குங்கும நிறத்தில் மஞ்சள் பொட்டு வைத்த பூக்கள் சரம் சரமாகத் தலைகீழாகத் தொங்கும். பூ இல்லாத நாளில் இளந்தளிரைப் பாருங்கள். வாடியதுபோலத் துவண்டு, செம்பழுப்பு நிறத்தில் தொங்கும். சீதை அசோகமும் இப்படித்தான் தளிர்விடும், அதுவும் இங்கே உண்டு.

மடகாஸ்கர் தீவு மரமான கொல்வில்லியாவை மயில்கொன்றை, குல்மோஹர் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். இலை அப்படித்தான் இருக்கும். குல்மோஹர் கோடையில் பூக்கும், இது மழை ஓய்ந்தபின் பூக்கும். ஆரஞ்சு நிற மொட்டுகள் திராட்சைக் குலை போலத் தொங்கும்.

நாகலிங்க மரத்தை நமக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சிவன் கோயில்களில் பார்த்திருப்போம். அது தென்னமெரிக்க மரம் என்பது மட்டும் பலருக்கு வியப்பாக இருக்கும். பூ கிளை நுனியில் வராமல் அடிமரத்திலிருந்தே வெடித்து வருவதைக் கிட்ட நின்று காட்டுங்கள். காய்க்கு அடியில் மட்டும் நிற்காதீர்கள், பீரங்கிக் குண்டு கனம். சிவகுண்டல மரத்தின் தடித்த நீளக் காய்களுக்கும் இதே எச்சரிக்கை. பனாமாவிலிருந்து வந்த மெழுகுவர்த்தி மரத்தின் காய்களால் ஆபத்தில்லை. மஞ்சள் மெழுகுவர்த்திகளை அடிமரத்தில் கட்டித் தொங்கவிட்டதுபோல இருக்கும்.

பருவம் பார்த்துப் போனால் இன்னும் நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரை இலவும் பலாசும். ஏப்ரல், மே வெயிலில் மகாராஷ்டிர மாநில மலரான தாம்ஹன், அதாவது நம் பூமருது, ஊதாவாகப் பூத்துக் கிடக்கும். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ மாநகராட்சி நடத்தும் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதும். தொட்டிச்செடி விருப்பமுள்ளவர்களுக்கு அது திருவிழா. மரம் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம். ஜூலை, ஆகஸ்ட் மழையில் பட்டைகளில் பாசியும் பெரணியும் ஏறி, கல் யானை நனைந்து கன்னங்கரேல் என்று இருக்கும். குடையும் வழுக்காத செருப்பும் இருந்தால் அதுவும் நல்ல நாள்தான். ஆனால் அன்று லோக்கல் நின்றுபோகும் அபாயம் உண்டு, கையில் டப்பா இருக்கட்டும்.

இந்த மரங்கள் தானாகத் தப்பி நிற்கவில்லை. மிருகக்காட்சி சாலையைப் பெரிய செலவில் உருமாற்றும் திட்டம் வந்தபோது, பழைய மரங்களுக்கு ஆபத்து என்று சில மும்பைப் பெண்கள் சேர்ந்து குழு அமைத்து ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். மரங்களை இனம் இனமாகக் கணக்கெடுத்துப் பதிவு செய்தார்கள், தோட்டத்தின் 150-ஆம் ஆண்டை ஒட்டி ஒரு நூலும் கொண்டுவந்தார்கள். ஒரு தோட்டத்தைக் காப்பாற்ற அதன் மரங்களின் பெயர் தெரிந்தவர்கள் ஊரில் இருக்க வேண்டியிருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வருகையில் மூன்று மரத்தின் பெயராவது சொல்லிக்கொடுங்கள்.

சாப்பாடு, திரும்புதல்

தோட்டத்துக்குள் பிளாஸ்டிக் பைகளுக்குக் கெடுபிடி உண்டு. வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுவார்களா என்பதை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். என் யோசனை, மதியம் ஒரு மணிக்கு முடித்துக்கொண்டு ஸ்லோ வண்டியில் மாட்டுங்கா இறங்குவது. ஸ்டேஷனை ஒட்டி 1942 முதல் நடக்கும் ராமா நாயக்கின் உடுப்பி போர்டிங்கில் இலைச் சாப்பாடு சாப்பிடலாம். பக்கத்துக் கடைத்தெருவில் மல்லிகைச் சரம், வாழையிலை, கறிவேப்பிலை, காப்பிப்பொடி எல்லாம் வாங்கிக்கொள்ளலாம். கால் வலிக்காதவர்கள் கிழக்கே நடந்தால் தாதர் பார்சி காலனியின் ஃபைவ் கார்டன்ஸ். அங்கே பெரிய மரநிழலில் உட்கார்ந்து காலாற முடியும்.

ராணி பாக் பிடித்துப்போனவர்களுக்கு அடுத்த முறைக்கு ஒன்று. தாராவியையும் சயானையும் ஒட்டி, மிட்டி ஆற்றங்கரையில் மகாராஷ்டிரா நேச்சர் பார்க் இருக்கிறது. நகரத்துக் குப்பை கொட்டிய மேட்டில் மரம் நட்டு உருவாக்கிய காடு. 1994-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். சிலைகள் இல்லை, ஆனால் வண்ணத்துப்பூச்சிக்கும் பறவைக்கும் குறைவில்லை. தாராவிப் பிள்ளைகள் நடந்தே போகலாம்.

மாட்டுங்காவில் ஃபாஸ்ட் வண்டி நிற்காது. அம்பர்நாத் திரும்புகிறவர்கள் ஸ்லோ வண்டியில் குர்லா வந்து மாறிக்கொள்ளுங்கள். மாலை நாலரைக்குள் ஏறிவிட்டால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்புண்டு. ஐந்தரையைத் தாண்டிவிட்டால் குழந்தையோடும் பையோடும் ஏறாதீர்கள். எட்டு மணி வரை மாட்டுங்காவிலேயே இருந்து ஒரு காப்பி குடித்துவிட்டு, கூட்டம் தணிந்ததும் கிளம்புங்கள்.